இரண்டு மணி பத்து நிமிட வெயில்

உலகத்தில் கலப்படமில்லாத வெயில் விழுகிற இடங்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று சகாரா பாலைவனம். இன்னொன்று ஹைதராபாத், குஷாய்குடாவில் சம்பந்தம் வீட்டு மொட்டை மாடி. சகாராவை அவர் நேரில் பார்த்ததில்லை என்பதால் அதற்கு இரண்டாம் இடம் கொடுத்திருந்தார்.

இதை அவர் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. நாச்சாரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோரு வருடம் தரப் பரிசோதகராக இருந்தவர். சரியான சாமானுக்குப் பச்சைச் சாக்பீஸால் கோடு, சரியில்லாததற்குச் சிவப்பு. ஓய்வு பெற்று வந்த அன்று அவர் பையில் ஒரு கைப்பிடி சிவப்புத் துண்டுகளும், கடையில் வாங்கியது போல முழுசாக ஒரு பச்சைச் சாக்பீஸும் இருந்தன. அப்படிப்பட்டவர் ஒன்றை முதல் தரம் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த வெயிலை வைத்துத்தான் அவர் மனைவி வள்ளியம்மாள் பத்தொன்பது வருடமாகக் கூழ் வத்தல் போட்டு வந்தாள். இருவரும் கோவில்பட்டிப் பக்கம். மார்ச் கடைசியில் ஆரம்பித்து மே நடுவில் மழை மிரட்டும் வரை, அந்த ஐம்பது நாளும் அவள் வீட்டில் யாருக்கும் காது கொடுக்க மாட்டாள். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக் குடியிருப்பிலிருந்து, செகந்திராபாத்திலிருந்து, எங்கெங்கோ புதிதாக வந்து இறங்கிய ஐடி பிள்ளைகள் வீட்டிலிருந்தெல்லாம் டப்பாவோடு ஆள் வரும். தெலுங்குக்காரர்கள் வடியாலு என்று வாங்கிப் போவார்கள். வள்ளியம்மாளுக்கு அதில் வருகிற காசைவிட, ‘போன வருசத்து வத்தல் தீர்ந்துபோச்சு’ என்று ஒருத்தர் வாசலில் வந்து நிற்பதுதான் வேண்டும். சம்பந்தத்துக்கு, அவர்களை உட்காரவைத்து வெயிலைப் பற்றிப் பேச வேண்டும். இப்படியாகத் தொழில் நடந்தது.

ஆறு வருடத்துக்கு முன் ஸ்ரீகாந்த் என்ற இளைஞர், கட்டுமானக் கம்பெனி சார்பில், பளபளக்கும் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று முறை வந்தார். தெருவே வீட்டை விற்றுக் கொடுத்துவிட்டது, இந்த ஒரு வீடுதான் பாக்கி என்றார். மூன்றாம் முறை சம்பந்தம் அவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, மே மாதம் மதியம் பன்னிரண்டு மணிக்கு மாடிக்கு அழைத்துப் போனார். இந்தத் தரைச் சூட்டுக்கு உங்கள் கம்பெனி என்ன விலை போடும் என்று தெலுங்கில் கேட்டார். ஸ்ரீகாந்த் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு வரவில்லை.

கம்பெனி சம்பந்தத்தை விட்டுவிட்டுச் சம்பந்தத்தைச் சுற்றிக் கட்டியது. வீட்டுக்குக் கிழக்கே முப்பத்துநாலு மாடி, மேற்கே முப்பத்துநாலு மாடி. மொத்தத்துக்கும் ‘வியோமா’ என்று பெயர். கிழக்குக் கட்டடம் சன்ரைஸ் பிளாக், மேற்குக் கட்டடம் சன்செட் பிளாக். கட்டி முடித்த பிறகு சம்பந்தம் வீட்டிலிருந்து உதயமும் தெரியவில்லை, அஸ்தமனமும் தெரியவில்லை. பெயர்ப்பலகைகள் மட்டும் இரண்டு பக்கமும் நன்றாகத் தெரிந்தன.

போன தீபாவளிக்கு ஆள் குடிவர ஆரம்பித்ததும் சம்பந்தத்துக்கு வேலை கிடைத்தது. காலையில் வாசலில் நாற்காலி போட்டு, தேநீரோடு உட்கார்ந்து, அவர்களைப் பரிசோதித்தார். வீட்டுக்கு வருகிற விருந்தாளி கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு போவதற்குச் சிவப்புக் கோடு. கீழே வந்து வட்டமாக நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து, மறுபடி லிஃப்டில் ஏறிப் போவதற்குச் சிவப்புக் கோடு. இதையெல்லாம் கேட்க அவருக்கு வாய்த்தவர் சந்திரமோகன், அந்த வியோமாவின் மேனேஜர். செகந்திராபாத்தில் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து இருக்கிற தமிழ்க் குடும்பம். பட்டாளத்துக்கு ரொட்டி போட வந்தவர்கள், பட்டாளம் போன பிறகும் போகவில்லை. ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’, எதற்கு என்பதற்குக் ‘கைக்கு’, வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்று அவர் தமிழில் ஹைதராபாத் உருது கலந்து வரும். சந்திரமோகன் தினமும் ஒன்பது மணிக்குச் சம்பந்தம் வீட்டில் தேநீர் குடிப்பார். பொரித்த வத்தல் ஏழெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சன்செட் பிளாக்கின் பத்தொன்பதாம் மாடி பால்கனிக் கம்பியிலிருந்து, யாரோ காயப்போட்ட ஈர டிராக் பேன்ட் ஒன்று காற்றில் பறந்து வந்து சம்பந்தம் வீட்டு மொட்டை மாடியில் விழுந்தது. அவர் அதைக் குச்சியால் எடுத்து, ஒரு வாளியில் போட்டு, சந்திரமோகன் வரும் வரை காத்திருந்தார்.

"முப்பத்துநாலு மாடி கட்டத் தெரியுது. நாலு முழக் கொடி கட்டத் தெரியல பாத்தியா. கோவில்பட்டியில தகரக் கொட்டாயில இருக்கவன்கூட துணியப் பின்னால கொண்டுபோய்த்தான் காயப்போடுவான். வாசக் கம்பியில தொங்கப்போட மாட்டான். கம்பியில துணியத் தொங்கப்போடுதவன் எத்தன மாடியில இருந்தாலும் அவன் தரம் ஒண்ணுதான்ப்பா."

"ஹவ் அண்ணா," என்றார் சந்திரமோகன். "ஒரு பேன்ட்டு. குடுத்துட்டுப் போறேன், விடுங்க. கைக்கு டென்ஷன்?"

சம்பந்தம் விடவில்லை. தொழிற்சாலையில் எழுதுவது போலவே, ஆங்கிலத்தில், ஒரு குறைபாட்டு அறிக்கை எழுதினார். விழுந்த பொருள், நிறம், விழுந்த உயரம், சமையலறைத் தராசில் நிறுத்த ஈர எடை அறுநூற்று நாற்பது கிராம், எல்லாம் அதில் இருந்தன. பால்கனியில் எதையும் உலர்த்துவதை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று முடித்தார். குடியிருப்போர் சங்கம் இப்படி ஒரு கடிதத்துக்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தது போலும். ஒரே வாரத்தில் விதி எண் பதினான்கு வந்தது. பால்கனியில் எதையும், எந்த நேரத்திலும், உலர்த்தக் கூடாது. எல்லா லிஃப்டிலும் ஒட்டினார்கள். சம்பந்தம் ஒரு பிரதி கேட்டு வாங்கி, லேமினேட் செய்து, காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினார்.

*

மார்ச் கடைசியில் வள்ளியம்மாள் அரிசியை ஊறப்போட்டாள்.

வத்தலில் மூன்று நாள் வேலை இருக்கிறது. அதில் தப்பக் கூடாதது முதல் நாள். ஊறின அரிசியை அரைத்து ஒரு ராத்திரி புளிக்கவிட்டு, விடியும்போது பெரிய சருவத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து, உப்பு, அரைத்த பச்சை மிளகாய், சீரகம், பெருங்காயம் போட்டு, மாவை ஊற்றித் துடுப்பால் கிளற வேண்டும். கை ஓயக் கூடாது. ஓய்ந்தால் கட்டி தட்டும். கூழ் கண்ணாடி போல ஆனதும் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து, சூடு ஆறுவதற்குள் பிழிகிற நாழியில் அடைத்து, நனைத்து விரித்த பழைய வேட்டியில் பிழிய வேண்டும். பிழிந்த கையோடு அதன் தலையில் வெயில் விழ வேண்டும். சாயங்காலம் வேட்டியைத் திருப்பி, பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வத்தல் கழன்று வரும். அடுத்த இரண்டு நாள் தட்டில் காய்ந்தால் போதும். முதல் நாள் வெயில் தவறினால் மேலே தோல் காய்ந்து உள்ளே பச்சையாகக் கிடக்கும். அப்புறம் சகாராவே வந்தாலும் சரி செய்ய முடியாது.

போன வருடம் வத்தல் போடும்போது இரண்டு கட்டடமும் இவ்வளவு உயரத்துக்கு எழும்பியிருக்கவில்லை. அன்றைக்கு ஏழு மணிக்கு அவள் பிழிந்து முடித்தாள். வெயில் வரவில்லை. எட்டு, ஒன்பது, பத்து. சன்ரைஸ் பிளாக்கின் நிழல் நனைந்த துணி மாதிரி மாடியில் கிடந்தது. பதினொன்று பத்துக்குத்தான் சூரியன் அந்தக் கட்டடத்தின் தலையைத் தாண்டியது. ஒன்று இருபதுக்கு சன்செட் பிளாக் அதை வாங்கிக்கொண்டது.

சம்பந்தம் சிவப்புச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு மாடியேறி, அரை மணிக்கு ஒரு முறை நிழல் நிற்கிற இடத்தில் கோடு போட்டு நேரம் எழுதினார். நான்கு நாள் போட்டார். கணக்கு மாறவில்லை. இரண்டு மணி பத்து நிமிடம். மாடி முழுக்க சிவப்புக் கோடு விழுந்து, யாரோ அந்த மாடியையே ரிஜெக்ட் செய்துவிட்டது போல இருந்தது.

அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் என்பது சூரியனில் மட்டும் இல்லை, அனலிலும் இருக்கிறது என்றார். நாற்பது டிகிரிக் காற்றில் நிழல்கூட காயும் என்றார். வள்ளியம்மாள் கேட்டுக்கொண்டாள். பக்கத்தில் வேறு மாடி தேடியும் பார்த்தாள். இடிக்காமல் மிச்சமிருந்த வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அங்கே மாடியில் இருநூறு புறா வளர்த்தார்கள். திரும்பி வந்து, அதே மாடியில் மூன்று நாளுக்குப் பதில் ஏழு நாள் காயவைத்தாள். ஏழாம் நாள் ஒன்றை ஒடித்து மூக்கருகே கொண்டுபோனாள். லேசாக ஒரு வாடை. இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை.

"இந்தாருங்க. இத மோந்து பாருங்க. ஒரு மாதிரியா இல்ல?"

சம்பந்தம் மோந்தார். கண்ணை மூடிக்கொண்டு மோந்தார். பின் அறைக்குள் போய், முப்பத்தோரு வருடமாக முழுசாக இருந்த அந்தப் பச்சைச் சாக்பீஸை எடுத்து வந்து, டப்பாவின் மூடியில் நீளமாக ஒரு கோடு போட்டார்.

"பாஸ்," என்றார்.

அந்த டப்பாவிலிருந்து முதல் பொட்டலம் சன்செட் பிளாக் இருபத்தேழாம் மாடிக்குப் போனது. அங்கே இருந்தவள் ரோகிணி, பொள்ளாச்சிப் பெண். கணவர் ஃபெலிக்ஸும் அவளும் மென்பொருள் கம்பெனிகளில் வேலை. ஐந்து நாள் கழித்து ரோகிணி பொட்டலத்தைத் துணிப்பையில் மறைத்து எடுத்து வந்தாள். வாசலில் நின்றுகொண்டு, வெயிலைப் பற்றியும் தண்ணீர் லாரியைப் பற்றியும் பேசினாள். பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள்.

"அம்மா, சொல்றனேன்னு தப்பா நினைச்சுக்காதீங்க. ஊர்ல இருந்து எங்கம்மா வந்திருக்காங்க. பொரிச்சுக் குடுத்தனுங்க. வாயில வெச்சுட்டு ஒண்ணுமே சொல்லலீங்க. அவங்க ஒண்ணுமே சொல்லாம இருந்தா அதுக்கு வேற அர்த்தமுங்க. அதான்..."

வள்ளியம்மாள் பையை வாங்கிக்கொண்டாள். நல்லது, சொன்னதுதான் சரி என்றாள். அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். ரோகிணி போன பிறகு பச்சைக் கோடு போட்ட டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், அத்தனையையும் குப்பை வண்டியில் கொட்டினாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு பொட்டலம் திரும்பி வந்ததில்லை.

"முப்பத்தொரு வருசத்துல ஒண்ண பாஸ் பண்ணினிய," என்றாள் உள்ளே வந்து. குரலில் கோபமே இல்லை. சம்பந்தத்துக்கு அதுதான் சங்கடமாக இருந்தது. "அது இது."

"ஏ வள்ளி, வெயில் மேல குத்தம் சொல்லாத. நாழி அச்சு தேஞ்சிருக்கும். ஓட்ட பெருசானா வத்தல் தடிக்கும். தடிச்சா உள்ள காயாது. மெக்கானிக்கல் பால்ட்டு."

"சரி."

"நான் அளந்து பாத்துச் சொல்லுதேன்."

"அளங்க. அரிசி ஊறப்போட்டாச்சு, அத வீணாக்க முடியாது. ஒருவாட்டி போடுதேன். அதுவும் இப்பிடித்தாம்னா நாழியப் பரண்ல ஏத்திருங்க. நான் பூனாவுக்குப் போயி நம்ம பய கணேஷ்குமார் வீட்ல இருக்கேன்."

"அங்க போயி என்ன செய்வ?"

"சும்மா இருப்பேன்," என்றாள்.

வள்ளியம்மாள் சும்மா இருந்து சம்பந்தம் பார்த்ததில்லை. அது எப்படி இருக்கும் என்று அவரால் நினைக்கவும் முடியவில்லை. அன்று சாயங்காலம் மேசை முன்னால் உட்கார்ந்து, நாழியின் அடியில் போடுகிற பித்தளை அச்சைக் கழற்றி, வெர்னியர் அளவுகோலால் அதன் ஏழு நட்சத்திர ஓட்டைகளையும் ஒவ்வொன்றாக அளந்து தாளில் எழுதினார். ஏழும் ஒரே அளவு. மறுபடி அளந்தார். தேய்மானம் என்று சொல்ல ஒரு மயிரிழைகூட இல்லை. தாளையும் அச்சையும் இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

*

மறுநாள் ரோகிணி மறுபடி வந்தாள். மனசு கேட்கவில்லை என்றாள். பிறகு தலையை நிமிர்த்தித் தன் வீட்டைக் காட்டினாள். அவ்வளவு உயரத்தில் ஒரு கண்ணாடி பளீரென்று அடித்தது. மணி ஏழரை. கீழே சம்பந்தம் வீட்டில் இன்னும் விளக்குப் போட வேண்டியிருந்தது.

"எங்க பால்கனி கெழக்கப் பாத்துதானுங்க இருக்குது. எதுத்தாப்ல பிளாக் இருந்தாலும் எங்க மாடிக்கு ஏழேகாலுக்கே வெய்ய வந்துருதுங்க. பன்னெண்டு வரைக்கும் நிக்க முடியாது. ஒரு நா போட்டுத்தான் பாருங்களேன்."

சம்பந்தம் தொண்டையைச் செருமினார். விதி பதினான்கு என்று ஒன்று இருப்பதைச் சொன்னார். அது இவருக்காகவோ அவருக்காகவோ வளைவதில்லை என்றார்.

"அந்த ரூலாலதானுங்க நாங்க ரெண்டு மாசமா ஈரத்துணியக் கட்டல் மேல காயப்போடறோம். எந்த மகராசன் எழுதிக் குடுத்தானோ தெரியலீங்க."

வள்ளியம்மாள் காலண்டருக்குப் பக்கத்தில் பார்த்தாள். ரோகிணியும் பார்த்தாள். லேமினேட் செய்த தாளின் அடியில், லிஃப்டில் ஒட்டியதில் இல்லாதபடி, ‘புகார் அளித்தவர்’ என்று போட்டு, சம்பந்தத்தின் முழுப் பெயரும் அடைப்புக்குள் ‘ஓய்வு’ என்றும் இருந்தது. ரோகிணி காபி டம்ளரைக் கழுவி வைக்க உள்ளே போனாள்.

"நாளைக்கி விடியக் கூழ் காய்ச்சிக்கிட்டு வந்துருதேம்மா," என்று அவளிடம் சொன்னாள் வள்ளியம்மாள். கணவரைக் கேட்கவில்லை.

அவர் சந்திரமோகனிடம் போனார். இரண்டு நாளைக்கு வெயிலுக்கு ஏதாவது மாற்று ஏற்பாடு செய்ய முடியுமா, சன்ரைஸ் பிளாக்கில் பெரிய கண்ணாடிகள் இருக்கின்றனவே, அவற்றைக் கொஞ்சம் சாய்த்தால் வெளிச்சம் தன் மாடியில் விழாதா என்றெல்லாம் கேட்டார். வாய் திறந்து கேட்கும்போதே அது எப்படி இருக்கிறது என்று அவருக்கே கேட்டது.

"நக்கோ அண்ணா. சூரியன் நம்ம டிபார்ட்மென்ட்டு இல்ல," என்றார் சந்திரமோகன். "நீங்க அந்தக் கம்ப்ளெய்ன்ட்ட வாபஸ் வாங்குங்க. ஒரு கையெழுத்து. நான் மீட்டிங்ல வெச்சு ரூலத் தூக்கிர்றேன்."

தான் ரிஜெக்ட் செய்த சாமானை எந்தக் காலத்திலும் எடுத்து பாஸ் செய்ததில்லை என்றார் சம்பந்தம். சொன்னவுடன் பச்சைக் கோடு ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்துவிட்டார்.

மறுநாள் ஆறரைக்கு, மூடிய சருவமும் நான்கு வேட்டியும் நாழியுமாக வள்ளியம்மாள் புறப்பட்டாள். சருவத்தைத் தூக்க சந்திரமோகன் இரண்டு ஆட்களை அனுப்பியிருந்தார். சம்பந்தம் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தானே போட்ட தேநீரைக் குடித்தார். மேலே பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். சன்செட் பிளாக்கில் கீழிருந்து எண்ணினால் இருபத்தேழு எங்கே வருகிறது என்று மட்டும் ஒரு முறை எண்ணினார். எண்ணிக்கை பத்தொன்பதில் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியிருந்தது.

போன் அடித்தது.

"இந்தாருங்க. நாழி இருக்கு. அச்சு எங்க?"

அவர் போனோடு உள்ளே போனார். இழுப்பறையைத் திறந்தார். அளவெழுதிய தாளின் மேல் அச்சு உட்கார்ந்திருந்தது.

"கூழ் ஆறுது," என்றாள் வள்ளியம்மாள். அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

ஆறின கூழ் மேலே ஆடை கட்டும். ஆடை கட்டினால் அச்சில் இறங்காது. அவர் மனைவியோடு குடித்தனம் நடத்துகிற முப்பத்தெட்டு வருடத்தில் கற்றுக்கொண்ட சமையல் குறிப்பு அது ஒன்றுதான். சட்டையைப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு, அச்சைக் கையில் பிடித்து, தெருவைக் கடந்தார்.

வாயிலில் காவலாளி, எந்த வீடு, என்ன வேலை என்று ஹிந்தியில் கேட்டான். மேலேயிருந்து ரோகிணி சரி என்று சொல்லும் வரை நிற்கவைத்தான். முகத்தைப் படம் எடுத்தான். பிறகு ஒரு அட்டையை நீட்டினான். சம்பந்தம் அதைப் பார்த்தார். கையில் பிடித்துக்கொண்டு போகலாமா என்று கேட்டார். முடியாது, கழுத்தில் என்றான். கூழ் ஆறிக்கொண்டிருந்தது. அவர் குனிந்தார்.

சாமான் லிஃப்டில் ஒரு துணி துவைக்கும் இயந்திரமும் அதைக் கொண்டுவந்த இரண்டு பேரும் இருந்தார்கள். கண்ணெதிரே விதி பதினான்கு ஒட்டியிருந்தது. படிக்க வேண்டியிருக்கவில்லை, மனப்பாடம். இருபதாம் மாடி தாண்டும்போது காது அடைத்தது. மேலே குடியிருப்பவர்களுக்குக் காது கேட்காது என்று அவர் பல முறை சொல்லியிருக்கிறார். அது சரியாக இருந்ததில் ஒரு சின்ன ஆறுதல்.

கதவைத் திறந்த ரோகிணி விரலை உதட்டில் வைத்தாள். கூடத்தில் ஃபெலிக்ஸ் கம்ப்யூட்டர் முன்னால், யாரோ வெள்ளைக்காரரோடு கூட்டத்தில் இருந்தார். சம்பந்தம் வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஓசைப்படாமல், அந்தக் கூட்டத்தின் குறுக்கே நடந்து பால்கனிக்குப் போனார். பின்னால் அந்த வெள்ளைக்காரர் ஏதோ கேட்டதும், ஃபெலிக்ஸ், அது குவாலிட்டி டிபார்ட்மென்ட் என்று சொன்னதும் காதில் விழுந்தது.

பால்கனியில் நனைத்து விரித்த வேட்டிகளின் நடுவே வள்ளியம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சருவத்தை ஒரு துண்டால் போர்த்தியிருந்தாள். அச்சை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அளந்தாச்சா?"

"ம்."

"எப்பிடி இருக்கு?"

"ஏழும் சரியாத்தான் இருக்கு," என்றார் சம்பந்தம்.

"உக்காருங்க. எனக்குத் தோள்பட்ட இழுக்கு. நீங்க பிழிங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைத்தார். வைத்த காலை எடுத்தார். மணி ஏழு ஐம்பது. ஒரு காலை மாற்றி ஒரு காலில் கொஞ்ச நேரம் நின்றார். தூசி இல்லாமல், மரக்கிளையோ கம்பியோ குறுக்கே விழாமல், பிழிந்து எடுத்த மாதிரி வந்து விழுந்த அந்த வெயிலை அவர் முதுகு, பிடரி, உள்ளங்கால் என்று மூன்று இடத்தில் பரிசோதித்தார். சகாரா மூன்றாம் இடத்துக்குப் போயிற்று. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கூழின் மேல் ஆடை லேசாகத்தான் கட்டியிருந்தது. வள்ளியம்மாள் அதை விரலால் வழித்தெடுத்துவிட்டு நாழியை நிரப்பிக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் அமுக்கினார். ஏழு நட்சத்திரத்திலிருந்தும் கூழ் இறங்கியது. முதல் வரி கோணியது. அவள் சொல்லச் சொல்ல இரண்டாவது வேட்டியில் நேரானது. நடுவில் அவள் ரோகிணியிடம் பொள்ளாச்சியில் வத்தலுக்கு எள்ளுப் போடுவார்களா, ஓமம் போடுவார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இருபது நாளில் அவள் இவ்வளவு பேசி சம்பந்தம் கேட்டதில்லை. காக்கை ஓட்ட அவர் ஒரு குச்சியை அருகில் வைத்துக்கொண்டார். ஒரு காக்கையும் அவ்வளவு உயரம் வரவில்லை. பத்து மணி வரை குச்சியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

பத்தேகாலுக்கு சந்திரமோகன் வந்தார். நான்கு வேட்டியையும் பார்த்தார். சம்பந்தத்தின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். குனிந்து, ஓரத்தில் பாதி காய்ந்த வத்தலில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். பாதி காய்ந்ததுதான் ருசி என்று அவர் அம்மா சொல்வாளாம்.

"நான் எதயும் பாக்கல அண்ணா. யாராச்சும் கம்ப்ளெய்ன்ட் எழுதிக் குடுத்தாத்தான் நான் பாக்கணும். இந்த ஏரியாவுலயே கம்ப்ளெய்ன்ட் எழுதுறவர் ஒருத்தர்தான்." இன்னொரு கிள்ளு கிள்ளினார். "அவருக்கு இன்னிக்கி டைம் இருக்குமா?"

எல்லோரும் சம்பந்தத்தைப் பார்த்தார்கள். அவர் குச்சியால் இல்லாத காக்கை ஒன்றை ஓட்டினார்.

*

பன்னிரண்டு மணிக்கு பால்கனியை விட்டு வெயில் போனது. அனல் போகவில்லை. ஐந்து மணிக்கு வள்ளியம்மாள் முதல் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, நுனியைப் பிடித்து இழுத்தாள். வத்தல் சரசரவென்று கழன்று வந்தது. ஒன்றை ஒடித்தாள். டக்கென்று ஓசை கேட்டது. மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு அதைக் கணவரிடம் நீட்டவில்லை. ரோகிணியின் அம்மாவுக்கு இரண்டு மூன்று பொரித்துக் கொடுக்கச் சொன்னாள். அந்த அம்மாள் வாயில் போட்டு மென்று, எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, இன்னும் நாலு பொரி என்றார்.

"இப்பமே அரிசிய ஊறப்போட்டு ராத்திரி அரைச்சா, நாளைக்கி மூணு படி போட்டுருவோம்," என்றாள் வள்ளியம்மாள் ரோகிணியிடம். "பிந்திப்போச்சு. ஆனா மழைக்கு முன்ன முடிச்சிரலாம்." பிறகுதான் வேட்டிகளைப் பார்த்தாள். நான்கும் கூழ் ஒட்டி, தண்ணீர் குடித்துக் கனத்துக் கிடந்தன. "இத இப்பமே அலசிக் காயப்போட்டாத்தான் நாளைக்கி ஆவும், ஈரத்தோட கெடந்தா புளிச்ச வாடை வத்தல்ல ஏறிரும். எங்க வீட்ல போட்டாக் காயாது."

"அயர்ன் பாக்ஸ் வெச்சு ஒணத்திரட்டுங்களா?"

"பழசும்மா. அந்தச் சூட்டுல நைஞ்சுபோவும்."

அதற்குள் அடுப்பில் எண்ணெய் காய்ந்தது. பெண்கள் மூவரும் சமையலறைக்குப் போனார்கள். சம்பந்தம் வேட்டிகளை வாரிக்கொண்டு பால்கனியை ஒட்டிய தொட்டிக்குப் போய், ஒவ்வொன்றாக அலசிப் பிழிந்தார். பிழிந்ததைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். கொடி இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அது ஒரு வேட்டிக்குக்கூடக் காணாது.

எட்டிப் பார்த்தார். நேர் கீழே அவருடைய மொட்டை மாடி தீப்பெட்டி அளவுக்குக் கிடந்தது. நிழலில், சிவப்புக் கோடு எதுவும் தெரியவில்லை. எதிரே சன்ரைஸ் பிளாக்கின் கண்ணாடிகளில் சாயங்கால வெயில் பொன்னாக நின்றது. யாராவது நிற்கிறார்களா என்று ஒரு சுற்று பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். சமையலறையில் வத்தல் பொரிகிற ஓசை கேட்டது.

முதல் வேட்டியை உதறினார். ஓசை வராமல் உதறினார். கம்பியின் மேல் விரித்து, சுருக்கம் நீவி, இரண்டு முனையையும் சமமாக இழுத்து அளவு பார்த்து, கிளிப் போட்டார். இரண்டு கிளிப் போட்ட பிறகு வேட்டியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. காற்று கொஞ்சம் பலமாகத்தான் இருந்தது. மூன்றாவதாக ஒரு கிளிப்பையும் போட்டுவிட்டு, அடுத்த வேட்டியை எடுத்தார்.